பின்னால் வருவதைக் காட்டாத கண்ணாடி

ஏல நிறுவனத்தில் அவளை எல்லோரும் 'பூர்வீகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பழைய கார் ஒன்று விற்பனைக்கு வந்தால் அதை யார் வரைந்தார்கள், எந்தப் பட்டறையில் கட்டினார்கள், முதலில் யார் வாங்கினார்கள், பிறகு யார் யார் கைக்கு மாறியது, எந்தக் கொட்டகையில் எத்தனை வருடம் தூசி தின்றது என்று தேடி எடுத்து எழுதுவது அவள் வேலை. பூர்வீகம் எழுதிக் கொடுத்துவிட்டால் வாங்குகிறவன் பானட்டைக்கூடத் திறந்து பார்க்க மாட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அந்த வியாழக்கிழமை காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஏலம். இந்தமுறை வருவது முதலாளியின் சொந்த வண்டி. முழங்கால் வலியில் இனி ஏறி இறங்க முடியாது என்று அவர் விற்க முடிவு செய்திருந்தார். அந்த வண்டியைப் பற்றிப் பதினாறு வருடங்களுக்கு முன் அவள் எழுதிய சிறு புத்தகம்தான் அவளுக்கு இந்த நாற்காலியை வாங்கிக் கொடுத்தது. அதிலிருந்து இரண்டு பக்கங்களை அப்படியே எடுத்து விற்பனைப் பட்டியலிலும் அச்சிட்டாகிவிட்டது. செய்ய ஒன்றும் பாக்கியில்லை. அப்படியிருந்தும் அவள் மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

காவலாளி வந்து எட்டிப் பார்த்தார். "மேடம், ஒரு அம்மா லாரில வண்டி ஏத்திக்கிட்டு வந்திருக்காங்க. உங்களத்தான் பாக்கணுமாம். வேற யாருகிட்டயும் பேச மாட்டேங்குறாங்க."

முற்றத்தில் நின்ற லாரியின் மேல் ஒரு கார் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. சட்டை என்றுதான் சொல்ல வேண்டும். தடித்த துணியில் முன்விளக்குக்கு ஒரு குழிவு, கதவுப் பிடிக்கு ஒரு மடிப்பு என்று உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த உறை. அருகில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அவசரத்தில் கழற்ற மறந்திருக்க வேண்டும்.

"நான் தையல் கடை வச்சிருக்கேன்." அந்தப் பெண் வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினாள். "எங்க அப்பா டிரைவர். இது அவரோட வண்டி."

என்னைச் செவிடு என்று நினைத்துவிட்டாளா, இல்லை மந்தம் என்றா? பூர்வீகத்துக்குச் சுருக்கென்றது. அதே எரிச்சல் இதற்கு முன் ஒருமுறை வந்திருக்கிறது என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. பதினாறு வருடங்களுக்கு முன், ஒரு கொட்டகை வாசலில், ஒரு கிழவர் இப்படித்தான் பேசினார். 

"விக்கறதுக்குக் கொண்டாந்தீங்களா?"

"விக்கறதா? நல்லாருக்கே!" தையல்காரம்மா பையிலிருந்து விற்பனைப் பட்டியலை எடுத்தாள். மடித்து வைத்த பக்கத்தில் ஒரு ஊசி குத்தியிருந்தது. "இந்த வரி. புத்தகத்துல போட்டீங்க. இப்ப மறுபடியும் போட்டிருக்கீங்க. ஒரு தடவ போட்டப்பவே எங்கப்பா பாதி செத்துட்டாரு. இத எடுக்கச் சொல்லத்தான் வந்தேன்."

அந்த வரி அவளுக்கு மனப்பாடம். 'உடைத்துப் போடப்பட்ட 211ஆம் எண் வண்டியின் பட்டறைத் தகட்டைக் கைப்பற்றிய ஓட்டுநர் ஒருவர், அதை வைத்துப் போலி ஒன்றைக் கட்டி உருட்டிவந்ததாகத் தெரிகிறது.' தெரிகிறது! யாருக்குத் தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்க முடியாதபடி எழுதுகிறவர்கள் பதுங்கிக்கொள்ளும் பொந்து அந்தச் சொல்.

வண்டியின் கதை சுருக்கமாக இதுதான். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் எஞ்சினையும் சக்கரத்தையும் ஒரு கம்பெனியில் வாங்குவார்கள். மேலே பாடியைத் தனியாக ஒரு பட்டறையில் சொல்லிக் கட்டுவார்கள். நூற்பாலை முதலாளி ஒருவர் அப்படித் தன் மனைவிக்காக ஒரு வண்டி வரையச் சொன்னார். நீண்ட மூக்கு, முன்கண்ணாடியிலிருந்து வால்வரை ஒரே இழுப்பில் இறங்கும் கூரை, அகலமான பின்கதவு, ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் நடுவில் முழுக் கண்ணாடித் தடுப்பு. வரைபடம் பிடித்துப்போய் அந்த ஆலை முதலாளியின் ஒன்றுவிட்ட தம்பியும் அதேபோல் ஒன்று வேண்டுமென்றார். பட்டறைப் பதிவேட்டில் அண்ணன் வண்டி 211, தம்பி வண்டி 212. இதில் 211 உடைக்கப்பட்டது, 212 மட்டும் பிழைத்தது, அதுதான் ஏல நிறுவன முதலாளியின் கூடத்தில் நிற்பது என்று பூர்வீகம் எழுதினாள். ஆதாரம், பதிவேட்டின் ஒரு பக்கம். அதில் 211 சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது. 212 அடிக்கப்படவில்லை.

"இது வெறும் வரி இல்லம்மா, ஆதாரத்தோட எழுதினது" என்றாள் பூர்வீகம். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "உங்க அப்பா வண்டிய நான் நேர்ல வந்து பாத்திருக்கேன். முன்கண்ணாடிக்கு மேல ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதுல பின்னாடி ரோடே தெரியாது. கோணல். பெரிய பட்டறைக்காரங்க அப்படிப் பொருத்துவாங்களா?"

"நீங்க வந்தது ஞாபகம் இருக்கு. டீகூட வேணாம்னுட்டீங்க. உள்ள உக்காந்து பாருங்கன்னு எங்கப்பா மூணு தடவ சொன்னாரு. நேரமில்லன்னீங்க." தையல்காரம்மா உறையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "இப்ப நேரம் இருக்கா?"

வண்டியை இறக்குவதற்குள் அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணியும் பூர்வீகம் நகத்தைக் கடித்துக்கொண்டே நின்றாள். கரும்பச்சை நிறம். அங்கங்கே வண்ணம் தேய்ந்து உலோகம் தெரிந்தது, ஆனால் துரு இல்லை. அகலக் கதவைத் திறந்து பின் இருக்கையின் மூலையில் உட்கார்ந்தாள். தையல்காரம்மா முன்னால் போய் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு விசையைத் தட்டினாள். ஸ்டீயரிங்குக்குக் கீழிருந்து சிறிய விளக்கொன்று மேல்நோக்கி எரிந்தது.

நடுக்கண்ணாடி மூடியிருந்தது. தையல்காரம்மாவின் பின்னந்தலை ஏதோ பேசுகிற மாதிரி அசைந்தது. சத்தம் வரவில்லை. பூர்வீகம் தற்செயலாக நிமிர்ந்து, மரச்சட்டத்துக்குள் குடைந்து பதித்த அந்தக் கோணல் கண்ணாடியைப் பார்த்தாள். ரோடு தெரியவில்லை. அவள் முகமும் தெரியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் ஒரு வாய் மட்டும் தெரிந்தது. மூக்கு நுனியிலிருந்து தாடைவரை, கண்ணாடி முழுக்க தையல்காரம்மாவின் வாய்.

வாய் நிதானமாக அசைந்தது. தெ-ரி-யு-தா.

பூர்வீகம் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். 

"அந்த மில்லு முதலாளியம்மாவுக்குக் காது கேக்காது" என்றாள் தையல்காரம்மா, இறங்கி வந்து. "சின்ன வயசுல காய்ச்சல்ல போயிடுச்சு. வாயப் பாத்துத்தான் பேச்சு. வண்டில ஏறினா டிரைவர் முதுகப் பாத்துட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருப்பாங்க, பாவம். பட்டறைக்கு அவங்களே போய், இங்க கண்ணாடி, இங்க விளக்குன்னு கோடு போட்டுக் குடுத்தாங்களாம். முப்பது வருஷம் எங்கப்பா அந்தக் கண்ணாடியப் பாத்துப் பேசிட்டே ஓட்டினாரு. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துடுச்சு. எங்க வீட்ல எல்லாரும் இப்படித்தான் பேசுவோம். எங்க வீட்டுக்காரர் கல்யாணமான புதுசுல நான் அவர நக்கல் பண்றேன்னு சண்டைக்கே வந்துட்டாரு."

வண்டி எப்படி ஓட்டுநரிடம் வந்தது என்பதற்குக் காகிதம் ஏதும் இல்லை. கடைசிக் காலத்தில் அந்த அம்மா படுக்கையிலிருந்தபடியே, இனி இது உன்னுடையது என்றார். பிள்ளைகளுக்கும் பழைய வண்டி இடத்தை அடைக்காமல் தொலைந்தால் போதும் என்றிருந்தது. பழைய கார்களின் ஊர்வலத்தில் வருடாவருடம் முதல் வண்டி அவருடையதுதான். புத்தகம் வந்த வருடம் வாசலிலேயே நிறுத்தி, போலி வண்டிக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதோடு சரி. அவர் அதை ஓட்டவேயில்லை. நாலு வருடம் துடைத்துக்கொண்டு மட்டும் இருந்தார், பிறகு போய்விட்டார்.

"அவரு திருடல, பொய் சொல்லல" என்றாள் தையல்காரம்மா. "அத நீங்க சொல்லணும். வேற யாரு சொன்னாலும் செல்லாது."

அன்றைக்கு மாலை வீட்டில் பூர்வீகம் ஒரு பாடு பொருமினாள். ஒரு கண்ணாடியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, பதிவேடு பதிவேடுதான் என்று கணவரிடம் வாதாடினாள். அவர் எதிர்வாதமே செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டிலும் யார் வாதாடுவது? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவளுடன் வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை என்பது கல்யாணமாகி ஆறே மாதத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவள் கையை எங்காவது வைக்க வேண்டுமே என்று சமையலறையை ஒழுங்குபடுத்தினாள். சுவரில் ஒட்டியிருந்த கடைச் சீட்டு கண்ணில் பட்டது. சோப்பு, தீப்பெட்டி, காப்பித்தூள், பல்பு. பல்பைத் தவிர எல்லாம் அடிக்கப்பட்டிருந்தன.

"என்னங்க, காப்பித்தூள் ஏன் வேணாம்னு அடிச்சீங்க? காலைல என்ன பண்றது?"

"வேணாம்னு யாரு சொன்னா? வாங்கியாச்சு, அடிச்சேன். டப்பாவத் திறந்து பாரு. பல்புதான் கிடைக்கல."

அவள் டப்பாவைத் திறக்கவில்லை. சீட்டைப் பார்த்தபடி அப்படியே நின்றாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றாள். ஆனால் அது ஒன்றுமில்லாதது அல்ல என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ஆவணக்காப்பகம் திறப்பதற்கு முன்பே அவள் வாசலில் நின்றாள். பட்டறை மூடியபோது அதன் பதிவேடு அங்கேதான் போய்ச் சேர்ந்தது. பதினாறு வருடமாக அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். ஒருமுறைகூட வந்ததில்லை. அன்று முதலாளிக்கு வண்டியை விற்ற தரகர் ஒரு பக்கத்தில் அந்த இரண்டு வரிகளை மட்டும் நகலெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அவளும் அதை வைத்தே எழுதிவிட்டாள். எந்தச் சோற்றை எடுத்துக் காட்டுவது என்று தீர்மானித்தது தரகர் என்பது அப்போது உறைக்கவில்லை.

முதல் பக்கத்தைப் புரட்டினாள். எல்லா வரிகளும் சிவப்பில் அடிக்கப்பட்டிருந்தன. இரண்டாவது பக்கம், அதேபோல். பத்தாவது, இருபதாவது, எல்லாம் அடி. அடித்ததெல்லாம் உடைத்ததென்றால், அந்தப் பட்டறை இருநூற்றுச் சொச்சம் வண்டிகளைக் கட்டி, அத்தனையையும் ஒவ்வொன்றாக உடைத்து விளையாடியிருக்க வேண்டும். வண்டி வேலை முடிந்து வாசலைத் தாண்டிய அன்று எழுத்தர் வரியை அடித்திருக்கிறார், அவ்வளவுதான். அடிக்காமல் நின்றவை மொத்தம் ஐந்து. 212க்கு எதிரே, நகலில் விழாத ஓரத்தில், பென்சிலால் சின்னதாக எழுதியிருந்தது: 'தம்பி வேண்டாமென்றார். பாதிச் சட்டத்தோடு நிறுத்தம்.'

அப்படியானால் 212 என்றொரு வண்டி பிறக்கவேயில்லை. முதலாளியின் கூடத்தில் நிற்பது யாரோ ஒரு புகைப்படத்தைப் பார்த்து, பாதிச் சட்டத்தின் மேல் பின்னாளில் கட்டியது. அதனால்தான் அதில் கண்ணாடி 'சரியாக' இருந்தது. பின்னால் வரும் ரோடு அதில் அழகாகத் தெரிந்தது. அவள் தலையைக் கையில் பிடித்துக்கொண்டாள். அவமானமாக இருந்தது. அதைவிட, மூன்று முறை உள்ளே உட்காரச் சொன்ன அந்தக் கிழவரின் முகத்தை நினைக்க முடியவில்லை.

மத்தியானம் முதலாளியின் அறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"டிரைவர் வரிய எடுத்துடு. அந்த அம்மாவும் அதத்தானே கேக்கறாங்க. அத்தோட விடு."

"அவரோட வண்டி நிஜம்னா, நம்ம வண்டி..."

"அது எனக்குத் தெரியாதா? நான் என்ன பச்சப்புள்ளயா?" குரல் உயர்ந்து, உடனே இறங்கியது. "பதினாறு வருஷம் தினம் அது மூஞ்சில முழிச்சிருக்கேன்மா. வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் உன் புத்தகத்தப் படிச்சுக் காட்டியிருக்கேன்."

"தப்பு என்னோடது ஐயா. நான் அடுத்த பக்கத்தப் புரட்டல."

"புரட்டியிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன். நீயும் இங்க வந்திருக்க மாட்ட." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளைக்கு மேடையேறிப் படிக்கப்போறது நீ. நான் வந்து உன் வாயப் பொத்தவா முடியும்? ஆனா ஒண்ணு. திங்கக்கிழம உன் நாற்காலி இங்க இருக்கும்னு நான் சொல்லமாட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை சாப்பிட உட்கார்ந்தவள் மூன்று முறை எழுந்தாள். கணவர் தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"வேல போயிடும்" என்றாள்.

"போனா போகட்டும். தப்பாப் போட்ட கணக்க அழிச்சிட்டுத் திரும்பப் போடுன்னு தினம் நாப்பது பிள்ளைங்களுக்குச் சொல்றேன். வீட்ல வந்து வேற மாதிரி சொல்ல முடியுமா? சாப்பிடு."

அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம். பெரிய வண்டி ஏலத்துக்கு வருமுன், அதன் பூர்வீகத்தை எழுதியவரே மேடையேறிப் படிக்க வேண்டும். படித்து முடித்த பிறகுதான் ஏலக்காரர் சுத்தியலைத் தொடுவார். கூடம் நிரம்பியிருந்தது. மேடை ஓரத்தில் முதலாளியின் வண்டி விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. அவர் முதல் வரிசையில் இருந்தார். தையல்காரம்மா கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோரம் நின்றாள். இன்று கழுத்தில் அளவு நாடா இல்லை.

பூர்வீகம் அச்சிட்ட பட்டியலை மூடி வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். அதை மேஜைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

"பதினாறு வருடங்களுக்கு முன் இந்த வண்டியைப் பற்றி நான் எழுதியது தவறு" என்று ஆரம்பித்தாள். "பதிவேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எழுதினேன். நேற்றுத்தான் முழுதும் பார்த்தேன். இங்கே நிற்கும் வண்டி அந்தப் பட்டறையில் கட்டி முடிக்கப்பட்டதல்ல. அங்கே கட்டியது 211 மட்டுமே. அது கட்டப்பட்டது, காது கேளாத ஒரு பெண்மணிக்காக. முதல் உரிமையாளர் அவர். இரண்டாவது உரிமையாளர், அவருடைய ஓட்டுநர். அவர் போலி எதையும் கட்டவில்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. மூன்றாவது உரிமையாளர், அவருடைய மகள்."

கடைசி இரண்டு வாக்கியங்கள் யாருக்கும் கேட்டிருக்காது. அதற்குள் கூடம் சந்தைக்கடை ஆகிவிட்டது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். ஏலக்காரர் ஏலம் விடாமலேயே சுத்தியலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். முதலாளி எழுந்தார். மேடைப் பக்கம் திரும்பாமல் தன் வண்டியிடம் போய், அதன் மூக்கின்மேல் ஒரு கணம் கையை வைத்தார். பிறகு பக்கவாசல் வழியாகப் போய்விட்டார். அதைப் பார்த்தபோது அவளுக்கு இறங்கி ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

அவள் கடைசி வரிசையைத் தேடினாள். தையல்காரம்மா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. சுவரை விட்டு நகர்ந்து, வெளிச்சம் விழும் இடத்துக்கு வந்து நின்றாள். வாய் அசைந்தது. இவ்வளவு இரைச்சலில் அந்தக் குரல் மேடைவரை வரவா போகிறது? ஆனால் அந்த வாய் நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக நின்று நின்று அசைந்தது.

இன்-னொ-ரு த-ட-வ.

பூர்வீகம் காகிதத்தின் முதல் வரிக்குப் போனாள். இந்தமுறை அவளும் வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகப் படிக்க ஆரம்பித்தாள்.